இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றி ரத்தம் கசிந்தால்…

கேள்வி: ஓராண்டுக்கு முன் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) பொருத்திக்கொண்டேன். செயற்கைப் பல்லில் சொத்தை விழாது என்பதால் அந்த இடத்தை மேலோட்டமாகவே துலக்கிவந்தேன். சில வாரங்களாக அங்கே பிரஷ் பட்டால் ரத்தம் கசிகிறது. வலி ஏதும் இல்லை. ஆறட்டும் என்று அந்தப் பக்கம் துலக்குவதையே நிறுத்திவிட்டேன். இது சரிதானா? வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

பதில்: நிறுத்தியது சரியல்ல. மென்மையான பிரஷ்ஷால் இன்றே மீண்டும் துலக்கத் தொடங்குங்கள். பல் மருத்துவரிடமும் நேரம் கேட்டுவிடுங்கள். சொத்தை விழாது என்பது உண்மைதான். ஆனால் இம்ப்ளான்டைத் தாங்கி நிற்கும் ஈறும் எலும்பும் உங்களுடையவை; நோய் வருவது அவற்றுக்குத்தான்.

இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் ஊன்றிப் பிடித்திருக்கும். இம்ப்ளான்டோ டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆனது; அது எலும்போடு நேரடியாக இணைந்துவிடுகிறது என்பதை நம்பித்தான் 1965-இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார். எலும்போடு அவ்வளவு உறுதியாக இணையும் அதே உலோகத்தில் ஈறின் நார்கள் ஊன்றுவதில்லை, பெரும்பாலும் சுற்றிப் படர்ந்து நிற்கின்றன. எனவே அங்கே படியும் கிருமிப் படலம் எளிதில் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஈறு சிவந்து ரத்தம் கசியும் நிலையில் சரியாகச் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் அது தானாகத் திரும்ப வளராது. அடியில் கொஞ்சம் எலும்பு மிச்சமிருக்கும்வரை இம்ப்ளான்ட் ஆடாமல் நிற்கும், பெரும்பாலும் வலிக்கவும் செய்யாது. ஆகவே வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைவாய்ப்பல்லின் கிரௌன் (வெளியே தெரியும் செயற்கைப் பல்) அகலமாகவும், ஈறுக்குள் இறங்கும் தண்டு ஒடுங்கியும் இருப்பதால், கிரௌனின் விளிம்புக்குக் கீழே பிரஷ் எட்டாத ஓர் ஒதுக்கிடம் உண்டாகிறது. மிருதுவான பிரஷ்ஷை ஈறும் கிரௌனும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்துச் சிறு அசைவுகளாகத் துலக்குங்கள். பலரும் தவறவிடும் நாக்குப் பக்கத்தையும் விடாதீர்கள். பிறகு பல்லிடுக்குக்கான சிறிய இன்டர்டென்டல் பிரஷ்ஷை இருபக்க இடைவெளிகளிலும் விட்டு எடுங்கள். அதன் கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்க வேண்டும். வளையாமல், லேசாக உரசிக்கொண்டு உள்ளே போகும் அளவே சரியான அளவு. பஞ்சுபோன்ற பட்டை ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் இழை) பயன்படுத்தினால், வெளியே எடுத்ததும் இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சொரசொரப்பான இடத்தில் சிக்கி அறுந்த இழையே சில நேரங்களில் ஈறைப் புண்ணாக்கிவிடும். கரித்தூள், பரபரவென்ற பற்பொடி, குண்டூசி எதுவும் அந்த இடத்துக்கு வேண்டாம்.

இத்தனையும் செய்தும் ரத்தம் நிற்காமல் போகலாம். கிரௌனை ஒட்டிய சிமெண்டின் மிச்சம் ஈறுக்கடியில் தங்கியிருந்தால் எந்தப் பிரஷ்ஷும் அதை எடுக்காது; இறுகிப்போன காரையும் அப்படித்தான். மருத்துவர் ஈறின் ஆழத்தை அளந்து, எக்ஸ்ரேயைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சீழ் வந்தாலோ பல் ஆடினாலோ ஓரிரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். புகைபிடிக்கும் பழக்கமும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் இந்த நோயை விரைவுபடுத்துகின்றன என்பதால், இவை இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு இம்ப்ளான்ட்களின் மேல் பிரிட்ஜ் (ஒன்றாக இணைத்த செயற்கைப் பற்களின் வரிசை) பொருத்தியிருக்கிறார்கள். கை நடுக்கத்தால் ஃப்ளாஸ் பிடிக்க முடியவில்லை. வாட்டர் ஃப்ளாஸரும் மவுத்வாஷும் போதுமா?

பதில்: நீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாஸர் அவருக்கு நல்ல துணை, பிரிட்ஜின் அடியில் தங்கும் உணவுத் துணுக்குகளை நன்றாக வெளியேற்றும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கச் சொல்லுங்கள். எனினும் ஒட்டிக்கொண்ட படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தடித்த கைப்பிடியுள்ள எலக்ட்ரிக் பிரஷ்ஷை நடுங்கும் கையாலும் பிடிக்க முடியும். இடைவெளிகளை மட்டும் இரவில் நீங்களே இன்டர்டென்டல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து கொடுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷ் நாள்கணக்கில் தொடர்ந்தால் பற்களில் கறை ஏறும், சுவையும் மாறும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும்.