மூன்று விஸ்கியும் ஒரே மாதிரி இருக்கிறதா? முதலில் காட்டத்தைச் சமன் செய்யுங்கள்

ஒஹாயோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேக்கர்ஸ் மார்க், வைல்ட் டர்க்கி 101, ஜாக் டேனியல்ஸ் மூன்றையும் வாங்கி மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். வைல்ட் டர்க்கி எரிகிறது, ஜாக் டேனியல்ஸ் லேசாக இருக்கிறது. மற்றபடி எல்லாமே வெனிலாதான். என் நாக்கில் கோளாறா, இல்லை இன்னும் விலை கூடிய பாட்டில் வாங்க வேண்டுமா?"

நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. 'எரிகிறது', 'லேசு' என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஆல்கஹால் அளவைத்தான். ஜாக் டேனியல்ஸில் 40 சதவீதம், மேக்கர்ஸ் மார்க்கில் 45, வைல்ட் டர்க்கியில் 50.5. அமெரிக்காவில் 'புரூஃப்' என்பது ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு, அதனால்தான் லேபிளில் 101. இந்த ஏற்றத்தாழ்வோடு அடுத்தடுத்துக் குடித்தால் காட்டம் முந்திக்கொள்ளும், ருசி அடிபட்டுப்போகும்.

அதனால் மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். குழந்தைகளுக்கு மருந்து புகட்டும் சிரிஞ்ச் ஒன்று போதும். மேக்கர்ஸ் மார்க் 20 மி.லி.க்கு 2.5 மி.லி. தண்ணீர். வைல்ட் டர்க்கி 20 மி.லி.க்கு 5 மி.லி.யும் இன்னும் கால் மி.லி.யும். ஜாக் டேனியல்ஸை அப்படியே விடலாம். எல்லாம் 40-க்கு வந்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கலந்ததும் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள்.

அப்புறம் அந்த வெனிலா. மேக்கர்ஸ் மார்க்கும் வைல்ட் டர்க்கியும் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வகை. அமெரிக்கச் சட்டப்படி பர்பனுக்கான தானியத்தில் மக்காச்சோளம் 51 சதவீதமாவது இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் அது ஊற வேண்டும். நிறமோ வாசனையோ தனியாகச் சேர்க்கக் கூடாது. சூட்டில் ஓக் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் சிதைந்து, வெனிலா வாசனை தரும் வெனிலின் உண்டாகிறது, மரத்தின் சர்க்கரை கேரமல் ஆகிறது. ஜாக் டேனியல்ஸ் பர்பன் என்று பெயர் போட்டுக்கொள்வதில்லை, ஆனால் அதற்கும் கருக்கிய புதுப் பீப்பாய்தான். ஆகவே வெனிலா மூன்றுக்கும் பொது. வித்தியாசத்தைத் தானியத்தில் தேடுங்கள்.

மேக்கர்ஸ் மார்க்கில் மக்காச்சோளத்துக்கு அடுத்தபடி 16 சதவீதம் கோதுமை. வைல்ட் டர்க்கியில் கோதுமைக்குப் பதில் 13 சதவீதம் ரை என்ற தானியம். ஜாக் டேனியல்ஸில் மக்காச்சோளமே 80 சதவீதம், ரை வெறும் 8; போதாததற்குப் பீப்பாய்க்குப் போகும் முன்பே சர்க்கரை மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச்சொட்டாக வடிகட்டுகிறார்கள்.

வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி, உதட்டைச் சற்றே திறந்து வைத்து முகருங்கள். மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் ஆல்கஹால்தான் ஏறும். ஒரு சின்ன மடக்கு எடுத்து, விழுங்கும் முன் மெல்லுகிற மாதிரி வாயெல்லாம் பரவ விடுங்கள். மேக்கர்ஸ் மார்க்கில் இனிப்பு முன்நாக்கிலேயே தெரியும். புது ரொட்டி, கேரமல். வைல்ட் டர்க்கியில் விழுங்கிய பிறகு கவனியுங்கள், மிளகும் பட்டையும் மெதுவாக ஏறி நிற்கும். ஜாக் டேனியல்ஸில் கனிந்த வாழைப்பழ வாசனை வரும். பலருக்கு ஒருமுறை பிடிபட்டால் அது விடாது. சமையலறையில் தாளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே தெரிகிறதா, லேபிளைப் பார்த்ததால் தெரிகிறதா? இதைச் சோதிக்காமல் எந்த ஒப்பீட்டையும் நான் நம்பமாட்டேன். வீட்டில் யாரையாவது மூன்று கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. அடியில் குறி போட்டுவிட்டு இடம் மாற்றித் தரட்டும். வேறாக இருப்பது எது என்று மட்டும் சொல்லுங்கள். எது நல்லது என்ற பேச்சே வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வரும், அதனால் வெவ்வேறு நாட்களில் திரும்பச் செய்யுங்கள். கிளாஸுக்கு 10 மி.லி. தாராளம். அதுவும் குடித்த கணக்குதான், பிறகு கார் சாவியைத் தொட வேண்டாம்.

விலை கூடிய பாட்டில் இப்போது தேவையில்லை. அரிதான பர்பனுக்குத் தரும் பணத்தில் பெரும்பகுதி அது கிடைக்காமல் இருப்பதற்கான விலை. பீப்பாயில் அதிக வயதானால் நல்லது என்பதும் இல்லை. புதுப் பீப்பாயில் மரத்தின் சாரம் சீக்கிரம் இறங்குகிறது, பர்பன் பெருமளவு தயாராகும் கெண்டக்கி மாநிலத்தின் கோடை வெயில் அதை இன்னும் விரட்டுகிறது. அளவு தாண்டினால் நாக்கில் துவர்ப்புதான் மிஞ்சும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் பர்பனும் ரிட்டன்ஹவுஸ் ரை விஸ்கியும் வாங்குங்கள். இரண்டும் ஹெவன் ஹில் நிறுவனத்துடையவை. இரண்டிலும் 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று இருக்கும். 1897-இல் வந்த சட்டம் அது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது நான்கு ஆண்டு பீப்பாயில் வைத்து, சரியாக 50 சதவீதத்தில் பாட்டிலில் அடைக்க வேண்டும். சிரிஞ்சுக்கு வேலையே இல்லை. ஒன்றில் மக்காச்சோளம் 78 சதவீதம், மற்றதில் ரை 51. தானியம் என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஜோடி எனக்குத் தெரிந்து இந்த விலையில் இல்லை. கோதுமையையும் சேர்த்துப் பார்க்க ஆசையிருந்தால் அதே நிறுவனத்தின் லார்சனி இருக்கிறது. அது 46 சதவீதம், ஆகவே மற்ற இரண்டிலும் 20 மி.லி.க்கு 1.7 மி.லி. தண்ணீர் சேருங்கள்.

ஐஸ் ஒப்பிடும்போது வேண்டாம், குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும்.