எஸ்டீம் இன்ஜினை 8,000 ஆர்.பி.எம். வரை விடலாமா?

கேள்வி: வண்டி கும்பகோணத்தில் ஓடும் 16 வால்வு மாருதி எஸ்டீம் 1.3 கார். ஹெட் போர்ட்டிங் செய்து (காற்று போகும் வழியைச் செதுக்கி), வால்வை அதிகம் திறக்கும் லிஃப்ட் கூடிய கேம் போட்டு, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வும் மாற்றியாகிவிட்டது. பிஸ்டன், ராடு, கிராங்க் எல்லாம் கம்பெனி மால். சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரை நிமிடத்துக்கு 8,000 சுற்றில் வைக்கலாமா?

வேண்டாம். இப்போதைக்கு 6,800-ல் வையுங்கள்.

ஈ.சி.யு.வில் எந்த எண்ணை அடித்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். தாங்க வேண்டியது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது, எதிர்த்து அழுத்தச் சிலிண்டரில் காற்று இருக்காது. பிஸ்டனைக் கீழே இழுக்கும் வேலை முழுவதும் அந்த இரண்டு போல்ட் மேல் விழும். உங்கள் இன்ஜினின் ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பகுதி சேர்த்து 450 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 6,500-ல் இழுவை சுமார் ஒரு டன். 8,000-ல் அது 1.6 டன். சுற்று கூடுவது 23 சதவீதம்தான், இழுவையோ 51 சதவீதம் கூடுகிறது.

பிஸ்டனின் சராசரி வேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 8,000-ல் உங்களுக்கு நொடிக்கு 20 மீட்டர் வரும். ஹோண்டா எஸ்2000 தன் 84 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 9,000-க்குப் போகும்போது 25 மீட்டரைத் தொடுகிறது. அதன் பிஸ்டனும் ராடும் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கியவை), இன்ஜினே அந்தச் சுற்றுக்காகக் கட்டியது. அந்த எண்ணை உங்கள் வண்டிக்குக் கடன் வாங்க முடியாது.

7,300 வரை போக ஆசை என்றால் அடிப்பாகத்தைத் திறந்தே ஆக வேண்டும். ராடு போல்ட் உயர்தரத்தில் புதிதாகப் போடுங்கள். போல்ட் மாறினால், கிராங்கைப் பிடிக்கும் ராடின் பெரிய கண் இறுகும் வடிவமும் லேசாக மாறும். அதனால் போரிங் பட்டறையில் கண்ணை அளந்து, தேவைப்பட்டால் சரி செய்த பிறகே பேரிங் போட வேண்டும். பலர் விடும் இடம் இதுதான், பேரிங் தன் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொள்வதும் இதனால்தான். பேரிங் இடைவெளி, ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் உருளை) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கட்டும். 42 மி.மீ. ஜர்னல் என்றால் 0.04 மி.மீ.

அடுத்தது வால்வு ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங் புது கேமின் வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் வால்வு சீட்டில் உட்காராமல் துள்ளும். மேல் சுற்றில் பவர் திடீரென்று அறுந்த மாதிரி விழுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டாமல் மொத்தமாக 1 முதல் 1.5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். வால்வு பிஸ்டனில் இடிக்காதா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் களிமண் மாதிரியான பிளாஸ்டிசினை ஒட்டி, ஹெட்டை மாட்டி, டைமிங் சரியாக வைத்து, கையாலேயே கிராங்கை இரண்டு சுற்று சுற்றுங்கள். கழற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. கனமாவது நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் பவரை அளக்கும் டைனோவில் ஒரு ஓட்டம் விடுங்கள். பவர் உச்சம் 6,400-ல் முடிந்தால் 6,900-க்கு மேல் சுற்றுவதில் லாபமில்லை, தேய்மானம்தான் மிச்சம். உச்சச் சுற்றைத் தஞ்சாவூர் ரோட்டில் சோதிக்காதீர்கள். டைனோ இல்லாவிட்டால் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது.

டெல்டாவில் தனியாகக் கவனிக்க வேண்டியது அறுவடைத் தூசி. குறுவை, சம்பா அறுப்பில் ரோட்டிலேயே நெல் காயும். அந்த வழியாகப் போய்வந்தால் வைக்கோல் தூளும் பதரும் ரேடியேட்டர் இறகுகளில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சூடேறினால் ஆயிலும் சூடேறும். ஆயில் இளகினால் பேரிங்கில் படலம் மெலியும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்து எடுங்கள். திறந்த கோன் ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, பேப்பர் ஃபில்டரோடு கம்பெனிப் பெட்டியையே மாட்டுங்கள். உமியில் சிலிக்கா உண்டு, ரிங்கைத் தின்றுவிடும்.

லிமிட்டர் காப்பாற்றாத ஒன்றும் உண்டு. 4-வது கியரில் 6,500-ல் போகும்போது 5-க்குப் பதிலாக 3 விழுந்துவிட்டால், சக்கரமே இன்ஜினைச் சுமார் 9,000-க்கு இழுத்துவிடும். பெட்ரோலை நிறுத்தினாலும் அது நிற்காது. தளர்ந்த இன்ஜின் மவுண்ட்தான் பல நேரம் இப்படிக் கியரைத் தவற வைக்கிறது, அதை முதலில் மாற்றுங்கள். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் வண்டி நன்றாக ஓடினாலும் நம்ப வேண்டாம். வால்வு இடைவெளி பார்த்து, சிலிண்டர் காற்று கசிகிறதா என்று காட்டும் லீக் டவுன் டெஸ்ட் எடுத்து, ராடு போல்ட்டைப் புதிதாக மாற்றிய பிறகே மறுபடி இன்ஜினை முறுக்குங்கள்.