அப்பாவின் சுகர் மிஷினில் நாய்க்குப் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 9 வயது, பெண். கருத்தடை செய்யவில்லை. இரண்டு மாதமாக இரு வேளையும் இன்சுலின் போடுகிறோம். அப்பாவின் சுகர் மிஷினில் காலையில் 340, ஒருநாள் மதியம் 70 காட்டியது. ஊசியைக் கூட்டுவதா, குறைப்பதா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: காலை 340-ஐப் பார்த்துக் கூட்டிவிடாதீர்கள். மருந்து பற்றாவிட்டாலும் காலையில் ஏறும். அதிகமாகி நடுவில் சர்க்கரை மிகவும் இறங்கினால், உடம்பே அதை மேலே தள்ளி, அப்போதும் ஏறும். எது என்று தெரிய, ஒரு விடுமுறை நாளில் கர்வ் (பகல் முழுக்கச் சர்க்கரை ஏறி இறங்கும் கணக்கு) எடுங்கள். காலைச் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் முன்பு ஒருமுறை, பிறகு அடுத்த ஊசி வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, சாப்பிட்ட நேரத்தோடு எழுதுங்கள். மிகக் குறைந்த எண் 80-க்கும் 150-க்கும் இடையில் இருப்பது நல்லது. அளவை மாற்றுவது அந்தத் தாளைப் பார்க்கும் மருத்துவர்தான்.

மனிதருக்கான மிஷின் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். நாயின் குளுக்கோஸ் சிவப்பணுக்களில் குறைவு, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில்தான் மிகுதி. மிஷினின் கணக்கோ நம் ரத்தத்துக்கானது. அதற்காக 70-ஐ அலட்சியம் செய்யாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்போதும் ஒரே மிஷினில் பாருங்கள்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காது மடலில் ஒரு நிமிடம் வைத்து, ஈரத்தைத் துடைத்து, பின்னால் பஞ்சை அணை கொடுத்து, நரம்பை விட்டு ஓரத்தில் குத்துங்கள். ஸ்பிரிட் ஈரம் இருந்தால் எண் தப்பாகும்.

சிரிஞ்சையும் பாருங்கள். நம் கடைகளில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா வடிவ ஊசியில் வரும் மருந்து 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கானது. அதில் பேனா மருந்தை உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போகும், உயிருக்கே ஆபத்து. மாசி வீதியில் வாங்கி, கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துத் திருநகர் கொண்டுவந்தால் மருந்தின் வீரியமே போய்விடலாம். ஐஸ் பை வைத்த டப்பாவில், துணி சுற்றிக் கொண்டுவாருங்கள், உறைந்துபோனதைப் போடக்கூடாது.

சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ எண்ணுக்குக் காத்திராமல் ஈறில் தேன் தடவி, சாப்பிட வைத்து, மருத்துவரிடம் ஓடுங்கள். மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கருத்தடைதான் நீங்கள் உடனே பேச வேண்டிய விஷயம். பெண் நாய் இணை தேடும் பருவத்துக்குப் பின் சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. ஆபரேஷன் முடிந்ததும் தேவை சட்டெனக் குறையலாம். பழைய அளவையே போட்டுக்கொண்டிருக்காமல் அந்த வாரமே மறுபடி கர்வ் எடுங்கள்.