அண்ணே, பாப்பா சொல்றது நிஜமான வேலைதான், ஆனா அந்த ஃபீஸை இப்ப கட்டாதீங்க

அண்ணே வணக்கம். உங்க வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன். பாப்பா பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருசம், ராத்திரி 11 மணி தாண்டியும் கருப்பு ஸ்கிரீன் முன்னாடியே உக்காந்திருக்கா, கேட்டா கிளவுட்ல இருக்கற டேட்டாபேஸ் ஒழுங்கா ஓடுதான்னு பாக்குறேன்ப்பாங்கறா, அமேசான்காரனே எல்லாத்தையும் பாத்துக்குவான்னா இவளுக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டிருந்தீங்க, இதுக்குன்னு ஒரு கோர்ஸுக்கு ஃபீஸ் கட்டலாமான்னும் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான்ணே, காலேஜ்ல கூட இதை யாரும் சரியா விளக்க மாட்டேங்குறாங்க.

உங்க மளிகைக் கடை வாடகைக் கட்டடம்தானே? தளம் ஒழுகுனா ஓனர் பாப்பாரு, ஆனா ராத்திரி ஷட்டருக்குப் பூட்டு போட்டாச்சா, மூட்டையெல்லாம் ஈரம் படாத பக்கமா அடுக்கியாச்சா, கடன் நோட்டு எழுதியாச்சாங்கறது உங்க பொறுப்பு. கிளவுட்னா அடுத்தவங்க மெஷினை வாடகைக்கு எடுக்கறது, டேட்டாபேஸ்னா அதுல இருக்கற கணக்குப் புஸ்தகம், அங்கயும் அப்படித்தான். அமேசான்ல ஆர்டிஎஸ்னு ஒரு சர்வீஸ் 2009-லேர்ந்து இருக்கு, மெஷினு, டிஸ்க்கு, கரண்ட்டு எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. ஆனா ஆட்டோமேட்டிக் பேக்கப்பை எத்தனை நாளைக்கு வச்சிருக்கணும்னு நாமதான் சொல்லணும், 0-லேர்ந்து 35 நாள் வரைக்கும் வைக்கலாம், 0-னு வச்சா பேக்கப்பே கிடையாது. டேட்டாபேஸை வெளி இன்டர்நெட்லேர்ந்து தொட முடியணுமா வேணாமான்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுவும் நம்ம கையிலதான். அதைத் தப்பா வச்சுட்டு பாஸ்வேர்டையும் லேசா வச்சோம்னா ஷட்டரைத் தொறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போன கதைதான்.

நீங்க அனுப்புன ஸ்கிரீன் போட்டோவை பெருசாக்கிப் பாத்தேன். அது சூபாபேஸோட இன்ஸ்பெக்ட் கமாண்ட். போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸை அவங்க கிளவுட்ல வச்சுத் தர்றாங்க, இந்த கமாண்டை அடிச்சா எந்த டேபிள் வீங்கிக் கெடக்கு, எந்த குவெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி, ரொம்ப நேரமா ஓடுது, எது எதை நகர விடாம லாக் பண்ணி நிக்குதுன்னு வரிசையா காட்டும். ஹெரோக்குன்னு இன்னொரு கம்பெனியோட டயக்னோஸ் கமாண்ட் இதையே சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சுக் காட்டும். ரெண்டுக்கும் அடியில ஒரே விசயம்தான், போஸ்ட்கிரெஸ் தானே எழுதி வச்சுக்குற கணக்கைத்தான் இதுங்க படிச்சுக் காட்டுது. அதனால டூல் மாறிட்டே இருந்தாலும் கணக்கைப் படிக்கத் தெரிஞ்ச ஆளு பொழைச்சுக்குவாங்க.

நேத்து பாப்பாகிட்ட போன்ல பேசினேன். அந்த கமாண்ட் காட்டுன லிஸ்ட்ல ஒரு இன்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேடி எடுக்க வைக்குற பொருளடக்கம் மாதிரி ஒண்ணு, அது பக்கத்துல 0 ஸ்கேன்னு, அதாவது ஒரு தடவை கூட யூஸ் ஆகலைன்னு இருந்துச்சு, இதை என்ன பண்ணலாம்மான்னேன். யாரும் யூஸ் பண்ணலைன்னா தூக்கிடலாம் சார்னு சொன்னா. உங்க அப்பா கடையில ஆறு மாசமா யாரும் கேக்கலைங்கறதுக்காக பொங்கப்பானையை எல்லாம் தூக்கிப் போட்டுருவாராம்மான்னு கேட்டேன். அந்த 0-ங்கறது கடைசியா கணக்கை ரீசெட் பண்ணதுக்கு அப்புறம் எண்ணுனது, ரீசெட் நேத்துதான் ஆயிருந்தா 0-னுதான் காட்டும், மாசக் கடைசில மட்டும் ஓடுற ரிப்போர்ட்டுக்கு அது வேணும்னா மாச நடுவுல பாத்தாலும் அப்படித்தான். படிக்கறதுக்குன்னு தனியா ரெப்ளிகா, அதாவது டேட்டாபேஸோட இன்னொரு காப்பி வச்சிருந்தா அதோட கணக்கு அங்க தனியா இருக்கும், மெயின்ல தெரியாது. அப்புறம் ஒரே ரெஜிஸ்டர் நம்பர் ரெண்டு தடவை ஏறக்கூடாதுன்னு காவலுக்கு நிக்குற யுனிக் இன்டெக்ஸ், 0 ஸ்கேன்னாலும் அதுல கை வைக்கவே கூடாது. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப கடைசியா எப்ப ரீசெட் ஆச்சுன்னு எங்க சார் பாக்குறது?"ன்னு கேட்டா. அண்ணே, அந்த ஒரு கேள்வியிலயே இவளுக்கு இந்த வேலை வரும்னு எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

பாக்காம விட்டா என்ன ஆகும்னும் சொல்றேன். 2017 ஜனவரி 31, கிட்லேப்னு உலகம் பூரா புரோகிராமருங்க யூஸ் பண்ற கம்பெனி, ராத்திரி வேலை பாத்துட்டிருந்த ஒரு எஞ்சினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரையே அழிச்சுட்டாரு. சரி பேக்கப்பை எடுப்போம்னு போனா தினமும் ஓட வேண்டிய பேக்கப் ஓடவே இல்ல, டேட்டாபேஸ் 9.6 வெர்சன், பேக்கப் எடுக்குற புரோகிராம் 9.2, அதனால எரர் அடிச்சு நின்னுட்டே இருந்திருக்கு, எரர்னு போன மெயிலும் ரிஜெக்ட் ஆகி யாருக்கும் வந்து சேரல. டெஸ்டிங்குக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வச்ச ஒரு காப்பி கெடந்ததால தப்பிச்சாங்க, நடுவுல இருந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். இதையெல்லாம் மறைக்காம அவங்களே விலாவாரியா எழுதி வெளியிட்டாங்க, பாப்பாவை அதை முழுசா படிக்கச் சொல்லுங்க.

இப்ப அந்த கோர்ஸ். 60 ஆயிரம் கேக்குறாங்க, நோட்டீஸ்ல அமேசானோட டேட்டாபேஸ் ஸ்பெசாலிட்டி சர்டிபிகேட் வாங்கித் தர்றோம்னு போட்டிருக்காங்க. அந்தப் பரீட்சையையே 2024 ஏப்ரலோட அமேசான் நிறுத்திடுச்சுண்ணே. இல்லாத பரீட்சைக்கு ஃபீஸ் கேக்குற எடத்துல காசு கட்ட வேணாம், தயவுசெஞ்சு நகையும் வைக்காதீங்க. போஸ்ட்கிரெஸ் இலவசம், அதோட மேனுவலும் இலவசம், பாப்பாகிட்ட இருக்கற பழைய லேப்டாப்பே தாராளமா போதும்.

மூணு மாசத்துக்கு அவ பண்ண வேண்டியது இதுதான். ரெண்டு விண்டோ தொறந்து ஒண்ணுல வேலையை ஆரம்பிக்குற பிகின் கமாண்டைப் போட்டு ஒரு வரியை அப்டேட் பண்ணிட்டு, அதை உறுதி பண்ணி முடிக்குற கமிட்டைப் போடாம அப்படியே விட்டுடணும், இன்னொண்ணுல அதே வரியை அப்டேட் பண்ணா அது அசையாம நிக்கும். யாரு யாரைப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு இப்ப யாரு என்ன ஓட்டுறாங்கன்னு காட்டுற பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பாத்து அவளே கண்டுபிடிக்கணும். அப்புறம் செட்டிங்ஸ், சும்மா இன்ஸ்டால் பண்ணா ஒரே நேரத்துல 100 கனெக்சன், டேட்டாவைக் கையோட வச்சுக்குற மெமரியான ஷேர்டு பஃபர்ஸ் 128 எம்பி, மெஷின்ல 64 ஜிபி ராம் இருந்தாலும் பெரும்பாலும் அதேதான் கெடக்கும், எதை எதுக்காக மாத்தணும்னு காரணத்தோட ஒரு நோட்டுல எழுதணும். சும்மா மாத்துனேன்னு இன்டர்வியூல சொன்னா எடுபடாது.

வேலை விசயத்துல ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன், ஃப்ரெஷருக்கு எடுத்தவுடனே டிபிஏ, அதாவது டேட்டாபேஸைப் பாத்துக்குற ஆளுங்கற போஸ்ட் கெடைக்கறது கஷ்டம். பெரும்பாலும் சப்போர்ட், மானிட்டரிங்னுதான் ஆரம்பிக்கும், அலர்ட் வந்தா பாக்கணும், ராத்திரி ஷிஃப்ட்டும் வரும். பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்புறதுன்னு அண்ணி கேக்குறது புரியுது. ஆஃபர் வந்ததும் ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருதடவை மாறும், வீட்டு வாசல் வரைக்கும் கேப் உண்டான்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு மெயில்லயே பதில் வாங்கச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடியே வேணாம்னு முடிவு பண்ணிடாதீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பாப்பாவை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. அதுக்குள்ள ஒரு டேட்டாபேஸை பேக்கப் எடுத்து, வேற பேர்ல அதைத் திருப்பி ஏத்தி, பழசுல எத்தனை வரி, புதுசுல எத்தனை வரின்னு எண்ணி வச்சிருக்கணும், அந்த ரெண்டு நம்பரோட கூப்பிடச் சொல்லுங்கண்ணே.