மையலின் உறை போடும் செல் எப்படி உருவாகிறது?

கேள்வி: உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன என்று கல்லூரியில் படிக்கிறோம். அப்படியிருக்க, மூளையில் ஒரு வகைச் செல் மட்டும் நரம்பிழைகளுக்கு மையலின் உறை போடுவது எப்படி? (உயிரியல் மாணவி ஒருவர்)

பதில்: மையலின் என்பது நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானைப் பல அடுக்குகளாக இறுகச் சுற்றியிருக்கும், கொழுப்பு மிகுந்த சவ்வு. உறையில்லாத மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு ஓரிரு மீட்டர்தான் நகரும். உறையிட்ட தடித்த இழையிலோ நொடிக்கு 100 மீட்டர் வரை பாயும். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைப் போடுபவை ஆலிகோடென்ட்ரோசைட் என்னும் செல்கள். 1921-இல் இவற்றுக்கு அப்பெயரைச் சூட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ தெல் ரியோ ஓர்தேகா. இவற்றில் ஒரே செல் தன் கிளைகளை நீட்டிப் பல பத்து இடங்களில் உறை சுற்றக்கூடியது.

மரபணுக்கள் எல்லாச் செல்களிலும் ஒன்றே என்பது சரிதான். எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு வருகிறது. கருவின் தண்டுவடத்தில், வயிற்றுப் பக்கம் பார்த்த பகுதிக்குக் கீழிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதம் கசிந்து வருகிறது. அது குறிப்பிட்ட அளவில் எட்டும் செல்களில் ஆலிக்2 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. இம்மரபணு 2000-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அது நீக்கப்பட்ட எலிகளின் தண்டுவடத்தில் ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் மட்டுமல்ல, தசைகளை இயக்கும் நரம்புச் செல்களும் உருவாகவில்லை என்பது இரண்டே ஆண்டுகளில் தெரியவந்தது. அதே பகுதி முதலில் நரம்புச் செல்களையும், அது முடிந்தபின் உறை போடும் செல்களின் முன்னோடிகளையும் ஈன்றெடுக்கிறது. ஒரே ஆலிக்2 இரண்டு வேலைகளையும் செய்வதற்குக் காரணம், அதனுடன் சேரும் கூட்டாளிப் புரதங்கள் காலத்துக்கேற்ப மாறுவதே. பிந்தைய கட்டத்தில் சாக்ஸ்10 என்னும் புரதம் அதன் முக்கியத் துணையாகிறது.

முன்னோடிச் செல்கள் உடனே உறை போடத் தொடங்குவதில்லை. அவை பெருகுகின்றன, மூளையெங்கும் இடம்பெயர்கின்றன. இக்காலத்தில் மையலின் மரபணுக்கள் வேலை செய்யாதபடி ஐடி2, ஐடி4, ஹெஸ்5, சாக்ஸ்6 முதலிய புரதங்கள் தடுத்து நிற்கின்றன. செல் முதிர்வது என்றால் புதிய மரபணுக்கள் முடுக்கப்படுவது என்று மட்டுமே பலர் எண்ணுகிறார்கள். இத்தடைகள் விலகுவதும் அதே அளவு இன்றியமையாதது என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குழுக்களை அகற்றும் நொதிகள், தடைப் புரதங்களின் மரபணுக்களை இறுகச் சுருட்டி மூடிவிடுகின்றன. அப்படி மூடப்படுவதற்கு முன்பே படியெடுக்கப்பட்டுவிட்ட தூது ஆர்.என்.ஏ.க்களை (புரதம் ஆக்குவதற்கான மரபணு நகல்களை), மிர்-219, மிர்-338 என்னும் குறு ஆர்.என்.ஏ.க்கள் அடக்குகின்றன. ஏறத்தாழ 22 எழுத்துகளே நீளமுள்ள இத்துணுக்குகளுக்கு இத்தனை ஆற்றல் உண்டு என்பது 2010-இல் வெளிவந்த ஆய்வுகளால் விளங்கியது.

தடை நீங்கியபின் வருவது மிர்ஃப் என்னும் புரதம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர் பென் பாரஸின் ஆய்வகம் 2009-இல் இதன் பங்கை வெளியிட்டது. இது இல்லாத எலிகளில் செல்கள் முதிர்ச்சியின் வாசல்வரை வந்து நின்றுவிட்டன, மையலின் உருவாகவில்லை. இதன் செயல்முறை எனக்கு இன்றும் வியப்பளிப்பது. மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் பெரும்பாலும் நேரே உட்கருவுக்குச் செல்லும். மிர்ஃபோ உட்கருவுக்கு வெளியே உள்ள எண்டோபிளாச வலை என்னும் சவ்வு அமைப்பில் பதிந்தே பிறக்கிறது, மூன்று மிர்ஃப் மூலக்கூறுகள் ஒன்றாகப் பிணைந்ததும் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, விடுபட்ட முன்பகுதி மட்டும் உட்கருவுக்குள் சென்று சாக்ஸ்10-உடன் கைகோத்து மையலின் மரபணுக்களை முடுக்குகிறது. இவ்வாறு வெட்டும் பகுதி, பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களின் ஒரு புரதப் பகுதியை ஒத்திருக்கிறது.

வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளில் தைராய்டு ஹார்மோன் முதன்மையானது. அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் உட்கருவில் டி.என்.ஏ.யின் மீதே அமர்ந்து, முன்னோடிச் செல் பெருகுவதை எப்போது நிறுத்தி முதிரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கெடுக்கின்றன. பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைகளுக்கு மையலின் உருவாவது தாமதப்படுகிறது என்பதால், பிறந்த சில நாள்களில் செய்யப்படும் தைராய்டு பரிசோதனையைப் பெற்றோர் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: என் உறவினர் குழந்தைக்கு மையலின் மரபணு ஒன்று கூடுதலாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். குறைந்தால் நோய் என்பது புரிகிறது. கூடினால் ஏன் நோய் வரவேண்டும்?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது பெலிசேயுஸ்-மெர்ஸ்பாகர் நோயாக இருக்கலாம். மையலினின் முதன்மைப் புரதங்களுள் ஒன்றை ஆக்கும் பி.எல்.பி.1 என்னும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. கண்கள் நிலையின்றி அலைபாய்வதும் தசைத் தளர்ச்சியும் அதன் தொடக்க அறிகுறிகள். அம்மரபணு இரட்டிப்பதே இந்நோய்க்கு மிகப் பொதுவான காரணம். அதைவிட வியப்பானது, மரபணு முற்றிலும் இல்லாதவர்களுக்கு நோய் ஒப்பளவில் மிதமாக இருப்பது. புரதம் அளவுக்கு மிஞ்சினால் சவ்வில் சேரவேண்டிய கொழுப்புகளோடு அதன் விகிதம் குலைகிறது, செல் தாங்கமுடியாமல் மடிகிறது. மரபணுக் கட்டுப்பாடு என்பதில் அளவும் அடங்கும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்றை நான் அறியேன். உறவினர் குடும்பம் மரபணு ஆலோசகர் ஒருவரை அவசியம் சந்திக்கட்டும். தாய் அக்கூடுதல் படியைச் சுமப்பவரா என்பது அடுத்த குழந்தையைப் பற்றிய முடிவுக்குத் தேவைப்படும்.

கேள்வி: உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மையலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அழிந்த மையலின் மீண்டும் வளராதா?

பதில்: ஓரளவு வளரும். வளர்ந்தவர்களின் மூளையிலும் முன்னோடிச் செல்கள் தங்கியிருக்கின்றன. பழுதுபட்ட இடங்களில் அவை இருப்பதைக் கண்டும் இருக்கிறார்கள். பல இடங்களில் அவை முதிராமல் நின்றுவிடுவதே சிக்கல். வயதான எலிகளில், மேலே சொன்ன ஹிஸ்டோன் நொதிகள் தடை மரபணுக்களைச் சரிவர மூடத் தவறுகின்றன என்று காட்டப்பட்டுள்ளது. இத்தேக்கத்தை மருந்தால் உடைக்க முயல்கிறார்கள்: ஒவ்வாமைக்குத் தரப்படும் பழைய மருந்தான கிளெமாஸ்டினை 50 நோயாளிகளிடம் சோதித்தபோது, பார்வை நரம்பில் செய்தி செல்லும் வேகம் சிறிதளவு கூடியதாக 2017-இல் அறிவித்தார்கள். அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. மருத்துவரைக் கேளாமல் அதை வாங்கி உட்கொள்ள வேண்டாம்.