இன்ஜின் வேலை பார்த்த பழைய மெட்டாடோர் வேனை ஏன் ‘ரன்னிங்-இன்’ ஓட்ட வேண்டும்?

ரன்னிங்-இன் என்றால், புதிதாகப் போட்ட பாகங்கள் ஒன்றோடொன்று படியும்வரை வண்டியை அளவோடு ஓட்டுவது.

போர் போட்ட, அதாவது உட்புறத்தைக் கடைந்து சீராக்கிய சிலிண்டரின் உட்சுவரில், ஹோனிங் செய்த (தேய்ப்புக் கல்லால் தேய்த்த) மெல்லிய கீறல்கள் இருக்கும். அவற்றின் மேடுகளைப் பிஸ்டனில் மாட்டிய புது ரிங்குகள் உரசி மழுக்கினால்தான் இடைவெளி அடைபடும். அப்போதுதான் கம்ப்ரஷன் (உள்ளே அமுக்கப்படும் காற்றின் அழுத்தம்) கசியாமல் நிற்கும், ஆயில் குடிக்காது. புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் தவிடு அரைத்துக் கொட்டுவோமே, அதே வேலைதான். இங்கே உதிர்வது இரும்புத்துகள். அதனால் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் காசை மிச்சம் பிடிக்கவே கூடாது.

செங்கோட்டை, தென்காசி சமதளச் சாலை இதற்கு அருமை. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். புளியரை எஸ் வளைவில் பாரம் ஏற்றிக்கொண்டு, டாப் கியரில் முக்கி முனகி ஆரியங்காவுக்கு ஏறுவது இப்போதைக்கு வேண்டாம். கொஞ்சம் ஓடியதும் டாப்பெட் (வால்வு) இடைவெளி, ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்), டைமிங் (எரிபொருள் எரியத் தொடங்கும் நேரக் கணக்கு) மூன்றையும் மெக்கானிக்கிடம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பாகங்கள் படியப்படிய இவை மாறும்.

வீட்டு வாசலில் மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, ரிங்கைச் சுவரோடு அழுத்துவது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம், மிதமான பாரம் இல்லாமல் அது போதிய அளவு வராது, சுவர் கண்ணாடிபோல வழவழத்துப் போய் ரிங் படியவே படியாது.