வாங்கலாமா, வேண்டாமா? – விரலுக்குப் பழகிய ஷார்ட்கட்

கேள்வி: பட்டிமன்றப் பேச்சுக்கு, குறிப்புகளைத் தலைப்பு, உட்தலைப்பு என்று கிளை கிளையாக அடுக்கும் அவுட்லைன் மென்பொருளில்தான் யோசிப்பேன். கன்ட்ரோலுடன் மேல் அம்புக்குறியை அழுத்தினால் வரி மேலே ஏறும். போன வாரம் அப்டேட் ஆனபின், அதே விசை கிளையையே மடக்கிவிடுகிறது. யோசனை அறுந்துபோகிறது. என்ன செய்யலாம்? – ஆர்.எம்., திருச்சி

பதில்: விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸை இறக்குங்கள்; இலவசம். அதிலுள்ள கீபோர்டு மேனேஜரில் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் ஷார்ட்கட்டை மாற்றிக்கொள்ளலாம். மேக் என்றால் கீபோர்டு அமைப்பிலேயே வசதி உண்டு. மெனுவில் உள்ள கட்டளைப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். கடைசியில் மூன்று புள்ளி இருந்தால் அதையும் சேர்த்து.

இனி என் வயிற்றெரிச்சல். ‘காவிரி’ என்று அடித்து, என்டர், வரியை உள்ளே தள்ள டேப், ‘கல்லணை’, என்டர், ‘கொள்ளிடம்’, என்டர், பிறகு வெளியே இழுக்க ஷிஃப்ட்-டேப், ‘வைகை’. இவ்வளவும் நடக்கும்போது கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். யோசிப்பது என்றால் அதுதான். ‘எந்த விசை?’ என்று கை ஒரு நொடி நின்றால், அடுத்து வரவேண்டிய வரி போனது போனதுதான். 1983-இல் திங்க்டேங்க் என்ற அவுட்லைன் மென்பொருள் வந்த காலத்திலிருந்து இந்த வகை மென்பொருளை வாங்குகிறவர்கள் இந்த வேகத்துக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள். ‘எளிதாக்கியிருக்கிறோம்’ என்கிறார்கள், விசையை மாற்றிய தயாரிப்பாளர்கள். யாருக்கு? நாளை வரப்போகிறவருக்கு. மூன்று வருடம் விரலைப் பழக்கிய பழைய வாடிக்கையாளர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டுமாம். மாற்றட்டும், ‘பழைய விசைகளே போதும்’ என்று ஒரு கட்டம் வைத்தால் குறைந்தா போவார்கள்?

பழைய பதிப்புக்குத் திரும்புவதாக இருந்தால் கோப்புகளை முதலில் நகல் எடுங்கள். புதிய பதிப்பு சேமித்ததைப் பழையது திறக்காமல் போகலாம்.

கேள்வி: வேர்டில் ஆல்ட், ஷிஃப்ட், அம்புக்குறி அழுத்தித் தலைப்புகளை நகர்த்துகிறேன். திடீரென்று விசைப்பலகை தமிழுக்கு மாறிவிடுகிறது. வேர்டு பழுதா? – வி.கே., நாகர்கோவில்

பதில்: வேர்டு பாவம். இடப்பக்க ஆல்ட்-ஷிஃப்ட் விண்டோஸில் மொழி மாற்றும் விசை. அம்புக்குறியைத் தொடாமல் விரலை எடுத்தால் மொழி மாறும். மேம்பட்ட விசைப்பலகை அமைப்பில் அதை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: ‘ஆயுள் சந்தா, இன்றிரவு மட்டும்’ என்றார்கள். வாங்கிவிட்டேன். ஷார்ட்கட் எதையும் மாற்ற முடியவில்லை. பணம் திரும்புமா? – எஸ்., கோவை

பதில்: இலவசச் சோதனைக் காலம் இருந்ததா? இருந்தும் தொடவில்லையா? அப்படியானால் என்னிடம் என்ன கேட்கிறீர்கள்? பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையைப் படியுங்கள், இன்றே.

உங்களைத் திட்ட எனக்கும் யோக்கியதை குறைவுதான். நான் ஒரு வருடச் சந்தா கட்டி, 700 வரிகள் சேர்த்தபின்தான் தெரிந்தது, பிடிஎஃப் தவிர வேறு எதிலும் அவை வெளியே வராது என்று. படிநிலை முழுவதையும் கையால் மறுபடி அடித்தேன். அதிலிருந்து, ஓபிஎம்எல் கோப்பாக (படிநிலை கலையாமல் வேறு அவுட்லைன் மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு வகை) எடுக்க முடியுமா என்று பார்க்காமல் பர்ஸைத் திறப்பதில்லை.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று கார்டு விவரம் வாங்கினார்கள். நான்காம் நாளே ரத்து செய்தேன். ‘கோரிக்கை நிலுவையில்’ என்றே காட்டியது. எட்டாம் நாள் 4,200 ரூபாய் போய்விட்டது. ஓய்வூதியத்தில் வாழ்பவள் நான். – ஜி.எல்., கும்பகோணம்

பதில்: உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. இதற்குப் பெயர் சந்தாப் பொறி. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத் தடை செய்கின்றன. இந்தியாவில் விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் அவை பொருந்தும். இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்ததா என்று குறுஞ்செய்திகளைத் தேடுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியை நீக்கச் சொல்லுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ‘நிலுவையில்’ என்ற திரையின் படம் இருந்தால் பத்திரம், அதுதான் சாட்சி.

கேள்வி: அவுட்லைன் வேலைக்குச் சிறிய கீபோர்டு வாங்கலாமா? – பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அம்புக்குறி விசைகள் தனியாக இருந்தால் வாங்குங்கள். இல்லாத ஒன்று என் பீரோவின் மேல் இருக்கிறது.